சமயபுரம் அந்தப் பக்கம்

எந்த ஊர்க் கூட்டம் என்று கேட்டீர்கள். எந்த ஊர்க் கூட்டமும் இல்லை. நான் தனி ஆள். மஞ்சள் சட்டை போட்டிருக்கிறேன், காலில் செருப்பு இல்லை, கையில் கம்பு இருக்கிறது, மாதம் ஆடி, நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது கல்லணைக் கால்வாய்க் கரையில் ஒரு தண்ணீர்ப் பந்தல். எல்லாம் சரிதான். ஆனாலும் நான் பாதயாத்திரைக்காரன் இல்லை. நடந்து போகிறேன், சமயபுரத்துக்குத்தான் போகிறேன், ஆனால் பாதயாத்திரை இல்லை. வித்தியாசம் உங்களுக்குப் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. இந்த மோரைக் குடித்து முடிக்கும்வரை சொல்கிறேன், கேளுங்கள். உப்பு அதிகம். பரவாயில்லை, இன்னொரு டம்ளர் வாங்கிக்கொள்கிறேன்.

என் பெயர் இளம்பரிதி. புதுச்சேரிக்காரன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ். வீட்டில் சாமி மட்டும் கிடையாது. அப்பா ஆண்டுதோறும் நாள்காட்டி வாங்குவார், வாங்கியதும் முருகன் படம் போட்ட அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, தாள்கட்டை மட்டும் ஆணியில் மாட்டுவார். அப்படி வளர்ந்தவன் நான். அப்புறம் பிரான்சுக்குப் போனேன், ஒரு நகராட்சியில் வரைபடம் போடுகிற பிரிவில் வேலை பார்த்தேன், அரை ஆயுசு அங்கேயே போயிற்று. திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏன் வந்தேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நீங்களும் கேட்க வாயெடுக்கிறீர்கள். கேட்காதீர்கள்.

அங்கே போர்கோன் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் கரையில் குதிரை நடந்து படகை இழுத்திருக்கிறது. இப்போது குதிரை இல்லை, படகும் அதிகம் இல்லை, மனிதர்கள் நடக்கிறார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கோடு சேர்ந்து நாள்கணக்கில் நடக்கலாம். நிழல் மரம், உட்கார மரப்பலகை, வழி தெரிய அம்புக்குறி. எதிரில் ஒருவர் வந்தால் வணக்கம் சொல்வார். அவ்வளவுதான். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், அங்கே யார் இருக்கிறார்கள், எதுவும் கேட்கமாட்டார். இரண்டு வாரம் நடந்தாலும் ஒரு ஜீவன் உங்களை எதுவும் கேட்காது. அதற்குப் பெயர்தான் நாகரிகம்.

இங்கே மட்டும் கால்வாய் இல்லையா? காவிரியிலிருந்து கல்லணையில் பிரிகிறது, ஊர்க்காரர்கள் புது ஆறு என்கிறார்கள், தஞ்சாவூரைத் தாண்டி, ஒரத்தநாட்டைத் தாண்டி, கடலோரம் தண்ணீர் முடிகிற கடைமடை வரைக்கும் ஓடுகிறது. அந்தக் கரை முழுக்க நடந்து, வழியை அளந்து, ஒரு வரைபடம் போட்டு, நடக்கிறவர்களுக்கு ஒரு கையேடு எழுதுவது என்று முடிவு செய்தேன். தமிழிலும் பிரெஞ்சிலும். கல்லணையில் ஆரம்பித்துத் தண்ணீர் போகிற திசையில் போனேன். அதாவது நீங்களெல்லாம் வருகிற திசைக்கு நேர் எதிரே. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் தம்பி குணாளன் தஞ்சாவூரில் இருக்கிறான். வங்கி அதிகாரி. தனியாக விடமாட்டேன் என்று கூடவே வந்தான். வெள்ளைக் கான்வாஸ் ஷூ புதிதாக வாங்கி, தொப்பி போட்டு, கழுத்தில் துண்டு சுற்றி, கல்லணையில் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினான். முதல் டீக்கடை வந்ததும் டிரைவருக்குப் போன் போட்டான். அதற்கப்புறம் அவன் கரையில் கால் வைக்கவில்லை. பக்கத்து ரோட்டில் காரில் வந்து, ஒவ்வொரு பாலத்திலும் ஏசியை ஓடவிட்டு, புளியோதரைத் தூக்கோடு காத்திருப்பான். நடைப்பயணத்துக்குக் காரில் வந்த முதல் மனிதன் அவனாகத்தான் இருக்கும். அதில் வெட்கமும் இல்லை. "நீங்க கரையப் பாருங்க அத்தான், நான் ரோட்டப் பாக்குறேன்" என்றான்.

கரையைப் பார்த்தேன். என்ன கரை. காலையில் ஊரே வந்து குந்துகிற கரை. சாயங்காலம் பாட்டிலோடு வந்து உட்காருகிற கரை. மிச்சத்தைச் சீமைக்கருவை எடுத்துக்கொண்டது. அங்கே அம்புக்குறி இருக்கிற இடத்தில் இங்கே பூப்பு நன்னீராட்டு விழா டிஜிட்டல் பேனர். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கேள்விகளைத்தான் பொறுக்க முடியாது.

"எங்க போறீங்க?"

கடைமடைக்கு.

"அங்க யாரு இருக்கா?"

யாரும் இல்லை.

"அப்பறம் எதுக்குப் போறீங்க?"

ஒரு ஊரில் இல்லை, எல்லா ஊரிலும் இதே மூன்று கேள்விகள், இதே வரிசையில். பதில் சொன்னால் விட்டுவிடுவார்களா? தாங்களே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "சுகரா?" என்றார். இல்லை என்றேன். "சாப்பாட்டுக்கு முன்ன எவ்வளவு, பின்ன எவ்வளவு?" என்றார். வெந்தயத்தை ஊற வைத்துக் குடிக்கச் சொன்னார். இன்னொரு ஊரில் நான் கரையைக் குறித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு சர்வேக்காரன் என்று முடிவு செய்து, யார் யார் தோப்பு ரோட்டுக்குப் போகும் என்று கேட்டு என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். குணாளன் காரிலிருந்து இறங்கி வந்து, "ஒண்ணும் இல்லைங்க, வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவரு, கொஞ்சம் அப்படித்தான்" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். கொஞ்சம் அப்படித்தானாம்.

காலுக்கு வருகிறேன். நீங்கள் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். என் ஷூ பிரான்சில் வாங்கியது, ஆல்ப்ஸ் மலைக்கென்றே செய்தது. தஞ்சாவூர் வெயிலுக்குச் செய்தது இல்லை போலிருக்கிறது. ஒரத்தநாடு தாண்டுவதற்குள் குதிகால் இரண்டும் கொப்புளம். கழற்றிக் காரில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தேன். சட்டை மஞ்சளாக இருப்பதற்குக் காரணம், அங்கே நடக்கிறவர்கள் மஞ்சள் போடுவார்கள், பனியில் கண்ணுக்குத் தெரியும். தாடி, சவரம் செய்யாததால். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதற்கு இந்த ஊரில் யாருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போன சனிக்கிழமை. ஒரு மதகு. மதகுக் கட்டையை ஒட்டி ஒருத்தி நிற்கிறாள், கொஞ்சம் தள்ளி இன்னொருத்தி. கட்டையை ஒட்டி நின்றவள் என்னைப் பார்த்ததும் மஞ்சள் துணியில் முடிந்த ஏதோ ஒன்றைக் கட்டைமேல் வைத்தாள். அதே நேரம் மினிபஸ் ஹாரன் அடித்தது. "வந்துட்டாரு பாரு, சொல்லி விடு" என்று மற்றவளிடம் சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். மற்றவள் கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டாள்.

"சாமி, வழி தப்பி வந்துட்டீங்க. சமயபுரம் அந்தப் பக்கம்."

என்னை ஒருத்தி சாமி என்கிறாள். என் அப்பா இருந்திருந்தால் அந்த மதகிலேயே குதித்திருப்பார்.

அவள் பெயர் தையல்நாயகி. மகள் பொற்கொடி, நர்சிங் இரண்டாம் வருடம். கோடை நெல் தூற்றும்போது சுணை தெறித்து இடது கண்ணில் பட்டிருக்கிறது. என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். கண்ணில்! அப்புறம் கடையில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து. நர்சிங் படிக்கிற பெண் வேண்டாம் என்றும் அம்மா கேட்கவில்லையாம். புண் பெரிதாகி, கருவிழி வெளுத்து, இப்போது திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். பார்வை வரும், வராது, இரண்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் சமயபுரத்தில் ஆத்தா காலடியில் வெள்ளித் தகட்டில் கண் போலச் செய்த கண்மலர் வைப்பதாக, நடந்தே வந்து வைப்பதாக, அம்மா நேர்ந்துகொண்டாள். கண்மலரும் வாங்கியாகிவிட்டது. அதற்குள் மாமனார் இறந்துபோனார். கருமாதி முடியவில்லை. தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, பொருளைத் தொடவும் கூடாது. பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் கட்டைமேல் வைத்துவிட்டு மினிபஸ் ஏறினாள். யாராவது நடந்து போகிறவர் வருவார் என்று இரண்டு பேரும் காலையிலிருந்து நின்றிருக்கிறார்கள். இந்த வருடம் கூட்டமெல்லாம் முன்னாலேயே போய்விட்டதாம்.

நான் தெளிவாகச் சொன்னேன். அம்மா, நான் கோயிலுக்குப் போகவில்லை, எனக்குச் சாமி கிடையாது, நான் அந்தப் பக்கம் போகிறவன் இல்லை, இந்தப் பக்கம் போகிறவன். தமிழில்தான் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "விரதத்துல இருக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்றாள். இல்லை என்பதையே ஆமாம் என்று எடுத்துக்கொள்கிற ஜனங்களிடம் ஒருவன் எப்படி வாதாடுவது?

சரி, கையில் கொடுத்துவிடலாம் என்று முடிச்சை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். நான் ஓர் அடி வைத்தால் அவள் ஓர் அடி பின்னால் போகிறாள். "தொடக்கூடாதுங்க சாமி." இன்னோர் அடி. அவளும் இன்னோர் அடி. அவளுக்குப் பின்னால் கால்வாய், ஆடித் தண்ணீர் கரை முட்ட ஓடுகிறது. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் உள்ளே விழுந்திருப்பாள். நின்றுவிட்டேன். கட்டைமேல் திரும்ப வைக்கலாம் என்றால் காக்கை தூக்கிக்கொண்டு போகும், அவள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், தொடமாட்டாள். எப்பேர்ப்பட்ட ஏற்பாடு பாருங்கள். கொடுக்கலாம், திரும்ப வாங்க முடியாது. இதற்குச் சட்டமும் கிடையாது, அப்பீலும் கிடையாது. என் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த பாலத்தில் குணாளன். விஷயத்தைச் சொன்னேன். அவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், கை நிறையக் கயிறு, காரில் எலுமிச்சம்பழம். ஆனாலும், "குடுங்க அத்தான். கார்ல போயி உண்டியல்ல போட்டுட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்றான்.

நடந்து வருவதாகத்தான் வேண்டுதல் என்றேன்.

"வேண்டுதல் அவங்களுது. கால் உங்களுது."

அவன் என் காலைப் பார்த்தான். "இல்லாட்டி ஒண்ணு செய்வோம். இத இங்கயே பத்திரமா வச்சிருங்க. கோயில் வாசல்ல தட்டு தட்டா கண்ணு விக்கிறான், ஆள விட்டு ஒரு சோடி வாங்கிப் போடச் சொல்றேன். எல்லாம் அதே வெள்ளித் தகடுதான். அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது?"

அவங்க ஆத்தாவுக்குமா தெரியாது என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கதான் சாமியே இல்லைங்கிறீங்க. இல்லாத சாமிக்கு நடந்து போனா என்ன, கார்ல போனா என்ன?"

இதற்கு நான் ஒரு நல்ல பதில் சொன்னேன். பிரெஞ்சில் வந்துவிட்டது, அவனுக்குப் புரியவில்லை. தமிழில் அது அவ்வளவு சரியாக வராது. போகட்டும்.

திரும்பினேன். நீங்கள் நினைப்பது போல இல்லை. வரைபடம் போடுகிறவன் ஒரு வழியை இரண்டு பக்கமும் நடந்து பார்க்க வேண்டும். போகும்போது ஒரு பக்கம் நிழல், வரும்போது வேறு பக்கம் நிழல். மேட்டில் ஏறுவது வேறு, இறங்குவது வேறு. கடைமடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது. தொழில் தெரிந்தவர்கள் இதைத்தான் செய்வார்கள். குணாளனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஷூவும் அவனோடு போயிற்று.

அந்த நாளிலிருந்து உங்கள் ஜனங்கள் நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன். முன்னாலேயே போய்விட்டதாக அவள் சொன்ன கூட்டங்களில் மெதுவாகப் போகிறவை எல்லாம் என்னிடம் அகப்பட்டுக்கொண்டன. என்ன கூட்டம் அது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒரு வேன், வேனில் குழாய் ஒலிபெருக்கி, ஆத்தா பாட்டு. நடக்கிறவன் எதையாவது நினைத்துக்கொண்டு நடக்க முடியுமா? அதற்கு இடமே விடுவதில்லை. பந்தலுக்குப் பந்தல் நின்று தின்றால் அது நடையா, விருந்தா? இங்கே சுண்டல், அங்கே தர்ப்பூசணி, அதற்கடுத்த இடத்தில் வேண்டாம் என்றாலும் இலை போட்டுவிடுகிறார்கள். நேற்று ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் படுத்திருந்தேன். யாரோ ஒரு பெண் கேட்காமலேயே என் காலுக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் வைத்துக் கட்டிவிட்டுப் போனாள். பெயர்கூடச் சொல்லவில்லை. பிரான்சில் அனுமதி கேட்காமல் ஒருவர் காலைத் தொட்டால் வழக்குப் போடலாம்.

தையல்நாயகி தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். "எங்க வந்திருக்கீங்க சாமி?" நானும் சொல்கிறேன். எந்தப் பாலம், எந்த மதகு, அடுத்தது என்ன. அவள் கேட்கலாம், அது வேலை சம்பந்தப்பட்டது.

நேற்று அந்தப் பெண்ணே பேசினாள். பொற்கொடி. ஆஸ்பத்திரியிலிருந்து. குரல் கணீரென்று இருந்தது, நோயாளிக் குரலே இல்லை.

"சார், எங்கம்மா சொன்னாங்கன்னு நடக்காதீங்க. கால்ல புண்ணுன்னாங்க, செப்டிக் ஆயிடும். பஸ்ல போயிடுங்க. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல சார்."

எனக்கு வந்ததே கோபம். படிக்கிற பிள்ளை பேசுகிற பேச்சா இது? அம்மா கருமாதி வீட்டில் உட்கார்ந்துகொண்டு மதகு மதகாக எண்ணிக்கொண்டிருக்கிறாள், நம்பிக்கை இல்லையாம். பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு படும்மா, இது உனக்கும் எனக்கும் உள்ள விஷயம் இல்லை என்றேன்.

அப்புறம், "உங்களுக்கு நம்பிக்கை இருக்கா சார்?" என்றாள்.

சிக்னல் சரியில்லை என்றேன்.

"கேக்குது சார், நல்லாதான் கேக்குது" என்றாள். "சரி விடுங்க. இப்ப எங்க வந்திருக்கீங்க? அத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். அவளும் அடுத்த மதகு எது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

இன்றைக்குப் புதன். நாளை இருட்டுவதற்குள் சமயபுரத்தில் இருக்க வேண்டும். கால் வீங்கியிருப்பது எனக்கும் தெரிகிறது. காலையில் ஒரு முள் வேறு. கல்லணை வரை போய்விடுவேன், அதற்கு மேல் கொஞ்சம் சந்தேகம்தான். நீங்கள் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது. உங்கள் பட்டுக்கோட்டைக் கூட்டம் நாளை மத்தியானமே கோயிலில் இருக்கும். நீங்களும் நடந்து வந்தவர், வருடாவருடம் வருகிறவர், மாலை போட்டவர். உங்கள் கையில் கொடுத்தால் வேண்டுதலுக்கும் குறை வராது, கண்ணும் நேரத்துக்குப் போய்ச் சேரும். அறிவுள்ள எவனும் இதைத்தான் செய்வான். இதோ, எடுக்கிறேன்.

எங்கே வைத்துக்கொள்வீர்கள்? மடியிலா? அந்த மடியில்தானே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பீடிக்கட்டை வைத்தீர்கள். பையில் என்றால், அதில் ஈரத்துண்டு இருக்கிறது. வேனில் கொடுத்து வைப்பீர்களா? நல்ல கதையாக இருக்கிறதே. வேனில் போவதற்குக் குணாளன் கார் என்ன பாவம் செய்தது? கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கூட்டத்தில் ஒருவர் நேற்று லாரியில் ஏறிவிட்டார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பந்தலைக் கண்டால் உட்காருகிறீர்கள். பேச்சு வந்தால் நேரம் போவது தெரிவதில்லை. என்னிடமே பாருங்கள், எவ்வளவு நேரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இல்லை. வேண்டாம். இங்கேயே இருக்கட்டும். சட்டைப்பை பத்திரம், பொத்தான் இருக்கிறது.

அந்தக் கம்பை எடுத்துக் கொடுங்கள். தோளை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன், நின்றதும் விட்டுவிடுவேன். ம், சரி. சரியாகிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். முறை தெரிந்துகொள்வதற்காகத்தான், வேறு ஒன்றுமில்லை. உள்ளே போய் இதை யாரிடம் கொடுப்பது? உண்டியலில் போடுவதா, பூசாரி கையில் தருவதா? பெயர் சொல்ல வேண்டுமா? நட்சத்திரம் கேட்பார்களாமே, அது எனக்குத் தெரியாது. தையல்நாயகியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொற்கொடி, இடது கண். அவ்வளவுதான் தெரியும். அது போதுமா? போதாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், போன் செய்து கேட்டுவிடுகிறேன்.

உங்கள் வேன் கிளம்பிவிட்டது. போங்கள். நான் நடந்ததெல்லாம் கால்வாய்க் கரையில்தான், கால்வாய் கல்லணையோடு சரி. அதற்கப்புறம் எனக்கு வழி தெரியாது. கொஞ்சம் மெதுவாக நடங்கள்.